முட்டுச் சில்லும் பெத்துராஜும்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு எதிரே நான் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எடையில் சந்தேகம் வந்தவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறவர்கள். அதனால் சந்தேகப்படுகிற மனிதர்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் பெத்துராஜ் மாதிரி ஓர் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பெத்துராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். விடிகிற நேரத்தில் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் போய், தோட்டக்காரர்களிடம் மல்லிகையும் பிச்சியும் ஏற்றிக்கொண்டு வந்து மார்க்கெட்டில் இறக்குவான். அவனுடைய சீட்டுக்கு அடியில் ஒரு கிலோ எடைக்கல் ஒன்று பழைய துணியில் சுற்றிக் கிடக்கும். எந்தக் கடைத் தராசாக இருந்தாலும் தன் கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் பூவை இறக்குவான். அந்தக் கல்லே சரிதானா என்ற சந்தேகம் வந்து, அவ்வப்போது என்னிடம் தூக்கிக்கொண்டு வருவான். என்னிடம் அரசாங்க முத்திரை குத்திய கல் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டுவேன். ஒரு குண்டுமணி வித்தியாசம் இருக்காது. அதற்குப் பிறகு என் கல்லைக் கையில் எடுத்து உருட்டுவான்.

"இது சரின்னு உமக்கு யாரு வே சொன்னது?"

இப்படிப்பட்டவனோடு எனக்கு இருபது வருஷப் பழக்கம். என் பொறுமையை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பான். மாத்திரை அட்டையில் தேதியைப் பார்ப்பான், தேதியை அழித்து அச்சடித்திருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பான். செல்போனைப் பழுதுக்குக் கொடுத்தால் கடைக்காரனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவான், வேலை முடிகிறவரை இமை மூட மாட்டான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவான். இளையரசனேந்தலில் பெண் எடுத்தான். அங்கே காட்டிய பெண்தான் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாளா என்று தாலி கட்டுவதற்கு முன்னால் குனிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டான் என்று மார்க்கெட்டில் கேலி செய்வார்கள். அவன் அதை மறுத்ததே இல்லை.

அந்தப் பெண் சங்கரேஸ்வரி. அதிகம் பேசாதவள். இசக்கித்துரை என்பவருடைய விசைத்தறிக் கூடத்தில் கல்யாணத்துக்கு அடுத்த மாதமே வேலைக்குச் சேர்ந்தவள், இன்றுவரை அங்கேதான். ஒரே மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

கல்யாணமான முதல் வருஷம், ஓடுகிற தறியிலிருந்து ஒரு கம்பித் துணுக்கு தெறித்து, சங்கரேஸ்வரியின் வலது முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. பெத்துராஜ் அவளைப் பூக்கூடைகளுக்கு நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். துணுக்கு ஆழத்தில் போய்விட்டது, தோண்டினால் கெடுதல், அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் என் கடையில் வந்து உட்கார்ந்து அவன் அழுதான். "பூவெல்லாம் ரெத்தம் வே" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று அவன் கண்ணால் பார்க்க ரத்தம் இருந்தது.

போன சித்திரையில் சங்கரேஸ்வரி, தறி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தையல் போடப் போகிறேன் என்றாள். மகள் படிப்பு முடியட்டும் என்றான் அவன். அவள் இன்னொரு தடவை கேட்டாள், அவன் இன்னொரு தடவை அதையே சொன்னான். பேச்சு அதோடு நின்றது. வைகாசியில் அவள் தறிக்கூடத்தில் முதல் தடவை விழுந்தாள்.

முழங்கால் திடீரென்று பிடி விட்டுப்போகிறது, யாரோ காலுக்குள்ளிருந்து எதையோ உருவிக்கொண்டதுபோல இருக்கிறது என்றாள். பக்கத்துத் தறிக்காரி ஞானபூரணம் ஓடி வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த வாரம் அடுப்படியில் விழுந்தாள். பெத்துராஜ் வண்டியிலிருந்து வந்து பார்த்தபோது உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, மறுநாள் அதுவும் வடிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பழைய கம்பித் துணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை.

பெத்துராஜ் சித்திரையையும் வைகாசியையும் சேர்த்துவைத்துப் பார்த்தான். கேட்டது கிடைக்கவில்லை, உடனே கால் மடங்குகிறது. அதுவும் அவன் இல்லாத நேரமாகப் பார்த்து மடங்குகிறது. அவனுக்கு இது போதாதா?

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தறிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் எப்படி நடந்து வருகிறாள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பான். நேராக நடந்து வருவாள். நொண்டினால், வண்டியைப் பார்த்துவிட்டாள், அதனால் நொண்டுகிறாள் என்பான். நொண்டாமல் வந்தால், பார்த்தீரா என்பான். ஒரு நாள் குடிதண்ணீர்க் குழாயடியில், அவன் கண் முன்னாலேயே குடத்தோடு விழுந்தாள்.

"கொடம் உடையாத மாதிரி பக்குவமா விழுதா வே" என்றான் என்னிடம்.

"பிளாஸ்டிக் கொடம் எப்படி வே உடையும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "பிளாஸ்டிக்குன்னு அவளுக்கும் தெரியும்லா" என்றான்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. எங்கள் ஊரில் கொடி ஏறிய பிறகு பிரகாரத்தைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொள்வார்கள், அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். கோமதி அம்பாள் ஒற்றைக் காலில் நின்று தபசு இருந்தவள், சுற்றுகிறவர்களுடைய கால் நோவை அவளே வாங்கிக்கொள்வாள் என்று ஊர் நம்புகிறது. நான் சர்ச்சுக்குப் போகிறவன், இருந்தாலும் ஆடி மாதம் அந்தப் பக்கம் போனால் சுற்றுகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். சங்கரேஸ்வரி தன் முழங்காலுக்காக நூற்றியொரு சுற்று நேர்ந்துகொண்டாள்.

அவள் சுற்றி முடிக்கிறவரை பெத்துராஜ் ஒரு தூணில் சாய்ந்து கடலை கொறித்துக்கொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்பாள் சந்நிதிக்குப் போனானோ என்னவோ. முடிந்ததும் நேராக என் கடைக்கு வந்தான்.

"வே சாம்ராஜ், கையும் களவுமா பிடிச்சிட்டேன். நூத்தியொண்ணு சுத்து! ஒரு தடவகூட மடங்கல. கூட்டத்துல இடிக்காங்க, தள்ளுதாங்க, அவ பாட்டுக்குப் போறா. கோயில்ல மடங்காத காலு தறிக்கு முன்னால மட்டும் மடங்குமா?"

"அம்பாள் சரியாக்கிட்டாளோ என்னமோ" என்றேன்.

"அப்பிடின்னா நல்லதாப் போச்சு. நாளைக்கே தறிக்குப் போவட்டும்."

நடித்தாலும் தறிக்குப் போக வேண்டும், குணமாகிவிட்டாலும் தறிக்குப் போக வேண்டும். ஆடிச்சுற்றைச் சாட்சியாக வைத்து அவளுக்கு இரண்டு வாசலையும் அடைத்துவிட்டான். தெருவும் அவன் பக்கம்தான் பேசியது. நூற்றியொரு சுற்றுச் சுற்றியவளை யார் நோயாளி என்று நம்புவார்கள்? மறுநாள் சங்கரேஸ்வரி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம். அவளுக்கு நான்கு தறி. ஒன்றில் நூல் அறுந்தால் சட்டென்று திரும்பிப் போய் முடிச்சுப் போட வேண்டும், தறிகளுக்கு நடுவே இடுக்கு ஓர் ஆள் நிற்கிற அகலம்தான். அப்படித் திரும்பும்போது முழங்கால் போய்விட்டது. விழுந்த வேகத்தில் முந்தானை ஓடுகிற பெல்ட்டில் சிக்கி, சேலை கழுத்தோடு அவளை இழுத்தது. ஞானபூரணம் அலறிக்கொண்டு ஓடி மெயின் சுவிட்சை இறக்கியிருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கழுத்திலிருந்து தோள்வரை செக்கச்செவேலென்று ஒரு கோடு.

இசக்கித்துரை வந்து பார்த்தார். "எந்திரிச்சு நல்லாத்தான நிக்கா" என்றார். அப்புறம் கொஞ்சம் பயந்துபோய், "டாக்டருகிட்ட என்ன ஏதுன்னு தெளிவாக் கேட்டுட்டு வாம்மா. நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும்" என்று வீட்டுக்கு அனுப்பினார்.

பெத்துராஜ் அந்தக் கோட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தான். வந்ததும் வாய் என்ன கேட்டது தெரியுமா?

"முந்தானைய ஏன் சொருகாம விட்டா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "கழுத்து வே அது! கழுத்த யாராவது பெல்ட்டுக்குக் குடுப்பாளா? நீரு மனுசன்தானா?" என்று கடைவாசலில் நின்று கத்தினேன். பூக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊருக்கு வந்து போகிற எலும்பு டாக்டர் சிவராமலிங்கத்திடம் காட்டினார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். பெத்துராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் முழங்காலுக்கு மூடிபோல இருக்கிற முட்டுச் சில்லு இடம் நகர்கிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது என்றும் சொன்னார். நகர்ந்துவிட்டுத் தானே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டால் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றால் உள்ளே இரும்புத் துணுக்கு கிடக்கிறது, படம் கெட்டுப்போகும். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மாதிரி சி.டி. ஸ்கேன் இருக்கிறது, காலை மடக்கி நீட்டும்போதே உள்ளே எலும்பு எப்படி ஓடுகிறது என்று எடுத்துக் காட்டிவிடும் என்றார்.

பெத்துராஜ் முகம் மலர்ந்துபோனது. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தான்.

"ஆடுறப்பவே படம் பிடிக்குமாம் வே! நடிப்பா நெசமான்னு மிஷினே சொல்லிரும். நாம வாயத் தொறக்க வேண்டாம்."

"டாக்டரு வைத்தியத்துக்குச் சொல்லுதாரு. நீரு என்னத்தையோ பேசுதீரே."

"அந்த டாக்டரு நல்ல மனுசன். சந்தேகமா இருக்குன்னு அவரு வாயாலயே சொல்லுதாரு பாத்தீரா? அவர நம்பலாம்."

மதுரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையாவது காட்டி ஏமாற்றிவிடுவார்கள், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றான். முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். சங்கரேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிவலம்வந்தநல்லூர் தாண்டுகிறவரை வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அந்த மிஷினுலயும் ஒண்ணும் தெரியலன்னா என்ன செய்ய?"

அவள் குரலில் பயம் இருந்தது. கழுத்துக் கோடு இன்னும் ஆறியிருக்கவில்லை. படத்தில் ஒன்றும் இல்லையென்றால் இவன் அவளைத் திரும்பவும் அந்த இடுக்குக்குள் அனுப்பிவிடுவான். அவள் கேட்டது அதைத்தான். தெரியும்மா, கவலைப்படாத என்று சொல்லிவைத்தேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மதுரையில் பார்த்தது லட்சுமிப்ரியா என்ற டாக்டர், இளவயது. படுக்கவைத்து முட்டுச் சில்லை விரலால் மெல்ல வெளிப்பக்கம் தள்ளினார். சங்கரேஸ்வரி பதறி டாக்டரின் கையை எட்டிப் பிடித்துவிட்டாள். டாக்டர் தலையை ஆட்டி அதைக் குறித்துக்கொண்டார். பெத்துராஜ் என் காதில், "பொம்பளைக்குப் பொம்பள ஒத்து ஊதுதா" என்றான்.

சி.டி. அறைக்குள் தானும் வர வேண்டும் என்று வாசலில் நின்று வம்பு பண்ணினான். கதிர்வீச்சு இருக்கிறது, முடியாது என்றார்கள். பார்க்க விடாமல் எடுக்கிற படத்தை எப்படி நம்புவது என்றான். கடைசியில் டாக்டரே சொல்லி, கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க எங்கள் இருவரையும் விட்டார்கள். படம் எடுக்கிற பெண் நஸ்ரின் பானு மைக்கில் பேசினாள்.

"அக்கா, நான் சொல்றப்ப ரெண்டு காலையும் மெதுவா நீட்டுங்க. அப்புறம் மெதுவா மடக்குங்க. பயப்படாதீங்க, ஒரு தடவை ஒத்திகை பாத்துக்கலாம்."

முழங்காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, தொடையை நாடாவால் கட்டியிருந்தார்கள். இதுவரை பார்த்த இடத்திலெல்லாம் அசையாமல் படு, மூச்சைப் பிடி என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கேதான் ஆட்டு என்றார்கள். நீட்டினாள், மடக்கினாள். மெஷின் வளையம் உள்ளே விர்ரென்று சுற்றியது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பெத்துராஜ் என்னைப் பார்த்து, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினான்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் இரண்டு முழங்கால்களும் வந்தன. தோலும் சதையும் இல்லாமல் எலும்பு மட்டும். டாக்டர் பொத்தானைத் தட்டினார், இரண்டும் நீளத் தொடங்கின. இடது காலில் சில்லு, தொடையெலும்பின் பள்ளத்திலேயே ஒழுங்காக மேலே ஏறியது. வலது காலிலும் பாதிவரை அப்படித்தான் போனது. கால் முழுக்க நீளப் போகிற நேரத்தில் அந்தச் சில்லு பள்ளத்தை விட்டு நழுவி வெளிப்பக்கம் போய் நின்றது. மடக்கும்போது தானே வந்து பள்ளத்தில் உட்கார்ந்தது. டாக்டர் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நழுவியது. எனக்கு உடம்பு கூசியது. நான்கு மாதமாக இதை வைத்துக்கொண்டா அவள் தறிக்கு முன்னால் நின்றாள்!

"சில்லை உள்பக்கமா இழுத்துப் பிடிக்கிற நார் ஒண்ணு தளர்ந்து போயிருக்கு" என்றார் டாக்டர். "படுத்துட்டு மெதுவா நீட்டும்போதே இவ்வளவு நகருது. நின்னுக்கிட்டு வேகமாத் திரும்பினா முழுசா விலகிரும். ஆள் விழத்தான் செய்வாங்க."

பெத்துராஜ் தொண்டையைச் செருமினான். "டாக்டர், இத வேணும்னே செய்ய முடியுமா?"

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "உங்க சில்லைக் கையால தொடாம, அதே மாதிரி வெளிய போக வைங்க பாக்கலாம்."

இவனா விடுவான்? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, காலை நீட்டி மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தான். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சில்லு அசையவில்லை. எழுந்து திரும்பவும் உள்ளே போனான்.

"இது இவ காலுதான்னு எப்பிடித் தெரியும்?"

நஸ்ரின் பானுவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பேரு, வயசு, நேரம் எல்லாம் படத்துலயே இருக்கு, பாருங்க."

"பேர யாரும் எழுதலாம்லா."

சங்கரேஸ்வரி அப்போதுதான் உடை மாற்றிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். அவன் கேட்டது அவள் காதில் விழுந்தது. டாக்டர் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினார். முழங்காலுக்குக் கீழே, பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி. கம்பித் துணுக்கு.

பெத்துராஜ் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அந்தப் புள்ளியையே பார்த்தான். கையை நீட்டி அதன் மேல் விரலை வைத்தான், நஸ்ரின் பானு தொடாதீங்க என்று சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. பூவெல்லாம் ரத்தமாகக் கிடந்த அந்த நாள் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

ஆனால் சந்தேகம் லேசில் விடுகிற வியாதியா? திரும்பி டாக்டரிடம், கெஞ்சுகிற குரலில் கேட்டான். "கோயில்ல நூத்தியொண்ணு சுத்து சுத்துனா டாக்டர். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவகூட மடங்கலயே?"

டாக்டர் அவளிடம் கேட்டார். "நீங்க விழும்போது எந்தப் பக்கமாத் திரும்புவீங்க?"

"எடப் பக்கம்" என்றாள் சங்கரேஸ்வரி. "வலது கால ஊனிக்கிட்டு எடப் பக்கம் திரும்புனா போயிரும்."

"தண்ணிக் குழாயடியில?"

"கொடத்தத் தூக்கிட்டு எடப் பக்கம்தான் வீட்டுக்குத் திரும்பணும்."

"கோயில்ல?"

அவள் சொல்வதற்குள் பெத்துராஜின் வலது கை அவனை அறியாமல் மேலே எழுந்து, ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு வட்டம் போட்டது. சந்நிதி மூலையில் வலது பக்கம் ஒரு திருப்பம், அடுத்த மூலையில் வலது பக்கம், அதற்கடுத்த மூலையிலும் வலது பக்கம். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், கோயிலை இடமாகச் சுற்ற மாட்டார்கள். அவன் விரல் பாதி வட்டத்தில் நின்றுவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

முழங்காலுக்கு ஒரு பட்டை போட்டுவிட்டார்கள். நாரை இழுத்துக் கட்டுகிற ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை தறிப் பக்கமே போகக் கூடாது, இடது பக்கம் வெடுக்கென்று திரும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின் சீட்டில். ராஜபாளையம் தாண்டியதும் அவன்தான் ஆரம்பித்தான்.

"ஏட்டி, தீவாளிக்கு முன்னாலயே தையல் மிஷின் வாங்கிருவோம். இனி தறியே வேண்டாம்."

"தைக்கும்போது கையி வலிச்சா?"

"என்னது?"

"கையி வலிக்குன்னு நான் சொன்னா, அதுக்கும் மதுரைக்கு வந்து படம் எடுக்கணும்லா."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, அடுத்த வாரத்து வேலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான்.

"இப்ப நம்புதேன்ட்டி" என்றான்.

"என்னையவா, படத்தையா?"

நான் தூங்குகிறவன்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

சங்கரன்கோவிலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெத்துராஜ் முதலில் குதித்து இறங்கி, படிக்கட்டுக்கு நேராகக் கையை நீட்டினான். சங்கரேஸ்வரி மேல்படியில் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். தராசுத் தட்டில் வைத்த கல்லை அவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினாள். கண்டக்டர் விசில் கொடுக்காமல் காத்திருந்தார்.

அவனுடைய லோடு ஆட்டோ பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றிருந்தது. அங்கே போகிறவரை அவன் அவளுடைய இடது பக்கத்தில், அரை அடி பின்னால், விழுந்தால் பிடிக்கிறதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டே நடந்தான். கையில் பலகாரப் பை, மருந்துப் பை எல்லாம் தொங்கின. ஏதேதோ கேட்டுக்கொண்டே போனான், வலிக்கா, டீ குடிக்கியா, மெதுவாப் போட்டி என்று. அவள் நேராகப் பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை.

இடது பக்கம் திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால்தான் திரும்பவில்லை என்று பெத்துராஜ் அன்று முழு மனதோடு நம்பினான். எனக்குத்தான் சந்தேகமாக இருந்தது.